விட்டத்தில் எட்டுக் கயிறு

கொல்லம் ஆண்டு 1111, கன்னி 22 (இங்கிலீஷில் 1935, நம் புரட்டாசி)

நான் சொன்னேன். எல்லாம் இப்படித்தான் வரும் என்று சித்திரை விஷுவன்றைக்கே சொல்லியாயிற்று. என்றைக்காவது ஒருநாள் இந்த மலையாள ஊர்ப் பெரிய மனிதர்கள் நம் தெருவைத் தேடி வந்து, உங்காத்துப் பழைய பாட்டைக் கொடுங்கோ என்று கேட்கப்போகிறார்கள் என்றேன். அத்திம்பேர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அக்கா, "மொதல்லே குளிச்சுட்டு வா" என்றாள். இன்றைக்கு வந்தார்களா இல்லையா?

தெருவுக்கு வரவில்லை, சாலைக் கடைத்தெருவுக்கு வந்தார்கள். அதனால் என்ன? நான் இருக்கிற இடம்தான் நம் தெரு.

வந்தவர் வக்கீல் பகவதிப்பெருமாள் பிள்ளை. நாஞ்சில் நாட்டுக்காரர். பந்தலுக்குக் கயிறு வாங்க எங்கள் கடைக்கு வந்தார். எங்கள் கடை என்றால் முதலாளி சத்தியநேசனுடைய கயிற்றுக்கடைதான். ஆனால் நான் ஒருநாள் வராவிட்டால் அங்கே ஒரு முடிச்சு நிற்காது, இது சாலை முழுவதற்கும் தெரியும். துலாம் (நம் ஐப்பசி) பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூட ஹாலில் பழம்பாட்டு விழா நடத்துகிறார்களாம். குழந்தைகள்தான் பாடி ஆட வேண்டும். பெரியவர்கள் ஓரமாக உட்கார்ந்து கூடப் பாடலாம். நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் நடவுப் பாட்டு, விழிஞ்ஞத்துப் பிள்ளைகள் வலை இழுக்கிற பாட்டு.

"ஒங்க அக்ரகாரத்துலேருந்துதான் ஒண்ணும் வரல்ல, சாமி. கீர்த்தனை வேண்டாம், அது எல்லா எடத்துலயும் கெடக்கு. வீட்டுப் பெண்டுக பாடிக்கிட்டு வந்ததா இருக்கணும்."

நான் கையிலிருந்த கயிற்றை அப்படியே தூக்கிக் காட்டினேன். பின்னல் கோலாட்டம் என்றேன். விட்டத்திலிருந்து எட்டுக் கயிறு தொங்கும். எட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்றை இடது கையில் பிடித்து, வலது கையில் கோலோடு, பாட்டுக்குத் தக்கபடி ஒருத்தியை ஒருத்தி சுற்றிச் சுற்றி வருவார்கள். கயிறு மேலேயிருந்து சடை மாதிரி பின்னிக்கொண்டே இறங்கும். பின்னி முடிந்ததும் வேறே பாட்டு. அதைப் பாடி ஆடினால் அத்தனையும் அவிழ்ந்து பழையபடி எட்டாகத் தொங்கும். எங்கள் ஊரில் விட்டம் பன்னிரண்டு அடி உயரம். அதில் ஏறிக் கயிறு கட்டினவன் நான்.

பிள்ளைக்குக் கண் விரிந்தது. ஆனாலும் வக்கீல் இல்லையா, ஒரு கேள்வி போட்டார்.

"ரெண்டு பாட்டும் முழுசா இருக்கில்லா? பின்னிப் போட்டுட்டு பிள்ளைக முழிச்சுக்கிட்டு நின்னா சனம் சிரிச்சிரும். அரைப் பாட்டுக்கு மேடை கெடையாது, கேட்டேரா?"

"ரெண்டும் எங்காத்திலேயே இருக்கு" என்றேன்.

அவர் போனதும் முதலாளி என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்தக் கடையில இல்லாத கயிறு ஒண்ணே ஒண்ணுதான் சாமி. ஒம்ம வாயக் கட்டுகதுக்கு உள்ளது."

கன்னி 23

அக்கா மாட்டேன் என்றுவிட்டாள்.

இதுவும் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் எழுதி வைக்கிறேன்.

பின்னல் பாட்டு என் அக்கா வாலாம்பாளுடையது. தாமிரபரணிக் கரையில் நாங்கள் பிறந்த தெருவில் கோலாட்டத்துக்கு இரண்டு கோஷ்டி. மேலச் சிறகுப் பெண்கள் (சிறகு என்றால் தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை) பின்னுவார்கள், கீழச் சிறகுப் பெண்கள் அவிழ்ப்பார்கள். ஒரு கோஷ்டியின் பாட்டை மற்றது பாடக்கூடாது, அப்படி ஒரு வீம்பு. மேலச் சிறகில் முன்பாட்டு அக்கா. கீழச் சிறகில் லலிதாம்பாள். அக்கா பின்னி முடித்து நிறுத்தின மூச்சிலேயே லலிதாம்பாள் எடுப்பாள். மேலே விட்டத்தில் உட்கார்ந்திருக்கிற எனக்கே எங்கே ஒரு குரல் முடிந்து எங்கே மற்றது ஆரம்பித்தது என்று தெரியாது.

அதாவது எங்காத்தில் இருப்பது பாதிப் பாட்டு. மீதிப் பாதி ஆறு வீடு தள்ளி இருக்கிறது. லலிதாம்பாளும் அக்கா மாதிரியே இந்த ஊரில் இதே தெருவுக்குத்தான் வாழ்க்கைப்பட்டு வந்தாள். இரண்டு பேரும் பேசிப் பதினோரு வருஷம் ஆகிறது.

ஒரு சண்டையும் இல்லை. லலிதாம்பாளின் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம். நலங்கின்போது சம்பந்தியம்மாள், யாராவது பாடுங்களேன் என்றாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். லலிதாம்பாள் அந்தப் பக்கம் திரும்பி, ஹார்மோனியம் கற்றுக்கொண்ட ஒரு புதுப் பெண்ணைப் பாடச் சொன்னாள். அவ்வளவுதான். செருமின தொண்டை அப்படியே நின்றது. அதற்கப்புறம் நவராத்திரிக்குக்கூட அக்கா வாய் திறந்ததில்லை.

"என்னை விட்டுடு. எனக்கு ஒரு பாட்டும் ஞாபகம் இல்லை" என்றாள். புளியைக் கரைத்துக்கொண்டே சொன்னாள். கரைத்த புளியையே திரும்பக் கரைத்தாள்.

கன்னி 24

அத்திம்பேர் ஹஜூர் கச்சேரி என்கிற சர்க்கார் ஆபீஸில் இருபது வருஷம் கணக்குப் பார்த்தவர். இன்று சாப்பிடும்போது சொன்னார்: "கல்யாணராமா, நீ சொல்றதிலே பாதியைக் கழிச்சுட்டு, மீதியிலேயும் பாதியைக் கழிச்சா சரியா வரும். இப்போ உங்கிட்டே இருக்கறது பாதிப் பாட்டு. கழிச்சுப் பாரு."

நான் மோர் ஊற்றிக்கொண்டேன்.

கன்னி 29

வெற்றி. இதற்கு நான் செய்த தந்திரத்தை எந்த திவானும் செய்திருக்கமாட்டான்.

அக்கா பெண் பாகீரதி தெருவில் ஏழு பெண்களைத் திரட்டிவிட்டாள். அவளோடு எட்டு. அவளுக்குப் பதிமூன்று வயது ஆகிறது. தையில் அம்பாசமுத்திரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். அடுத்த தீபாவளிக்கு அவள் எந்த ஊரில் எந்த ஆத்து அடுக்களையில் இருப்பாளோ. கோலாட்டத்துக்கு அவளுக்கு இந்த வருஷம்தான். அது அவளுக்கும் தெரியும். அதனால்தான் பள்ளிக்கூடத்து மலையாளத்தில், சொல்லிக்கொடு என்று என்னைப் பிடித்து உலுக்குகிறாள்: "மாமா, ஒந்நு படிப்பிச்சுத் தா."

கூடத்து விட்டத்தில் ஏறி எட்டுக் கயிறும் கட்டினேன். நல்ல வெள்ளைப் பருத்திக் கயிறு, மஞ்சளில் முக்கியது. பிறகு நானே பாட ஆரம்பித்தேன்.

ஒன்று கீழே ஒன்று மேலே ஓடிவாடி பெண்ணே
கன்று தேடும் பசுவைப் போலக் கூடிவாடி கண்ணே

வேண்டுமென்றேதான் தப்பாகப் பாடினேன். (வேண்டுமென்றேதான்.) இரண்டாம் அடி பாடுகிறபோது அடுக்களையிலிருந்து கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. மூன்றாம் தடவை பாடினதும் அக்கா நிலைப்படியில் வந்து நின்றாள்.

"நிறுத்துடா. அது பசுவைக் கூப்பிடற பாட்டு. நீ பாடினா இருக்கற பசுவும் கயித்தை அறுத்துண்டு ஓடிடும்."

"அப்போ நீ பாடு."

பாடினாள். பாடவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டு ஆரம்பித்தாள். குழந்தைகளுக்கு அடியை எடுத்துச் சொல்வது போல. இரண்டாம் வரியில் பாட்டாகிவிட்டது. குரல் கொஞ்சம் கம்மியிருக்கிறது. மற்றபடி அதே குரல். நான் கயிற்றைச் சரிபார்க்கிற சாக்கில் மேலேயே உட்கார்ந்திருந்தேன். எட்டு வகிடும் எட்டுத் தாழம்பூச் சடையும் கீழே சுற்றின. எங்கள் ஊர் விட்டத்தில் இருந்ததுபோலவே இருந்தது. அது பதினாறு அடி உயரம், இது குறைவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

துலாம் 9, தீபாவளி

எண்ணெய்க் குளியல், லேகியம், புது வேஷ்டி, எல்லாம் ஆயிற்று. சாயங்காலம் களிமண்ணில் பசுவும் கன்றும் பிடித்து மணையில் வைத்தோம். இன்றிலிருந்து பௌர்ணமி வரை அதன்முன் தினமும் கோலாட்டம். எங்கள் ஊர் வழக்கம். இந்தத் தெருவில் பதினோரு வருஷமாக நின்றுபோயிருந்தது. திரும்ப ஆரம்பித்தவன் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

பின்னல் அழகாக விழுகிறது. அவிழ்ப்புதான் கவலை. அக்காவைக் கேட்டேன்.

"அது என் பாட்டில்லை."

"தெரியாதா உனக்கு?"

"தெரிஞ்சா என்ன, தெரியாட்டா என்ன? என் பாட்டில்லை."

சரி, இதில் என்ன பிரமாதம், பின்னினது எப்படியோ அப்படியே திருப்பினால் அவிழ வேண்டியதுதானே என்று நினைத்தேன். கயிற்றுக்கடையில் இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? கடைசி அடியிலிருந்து முதல் அடிக்குத் தலைகீழாகப் பாடிக்கொண்டு, பெண்களைப் பின்பக்கமாக நடக்கச் சொன்னேன்.

அவிழவில்லை. இறுகியது. திரும்புகிற இடத்தில் மேலே போனவளா கீழே போனவளா யார் முதலில் அடி வைப்பது என்று என் பாட்டில் இல்லை. அவரவர் நினைத்தபடி நகர்ந்தார்கள். பாகீரதியின் சடையும் பின்னலோடு சேர்ந்து ஏறிவிட்டது. அவள் நுனிக்காலில் நின்றுகொண்டு, "மாமா, மாமா" என்கிறாள். ஒரு குட்டி அழுகிறது. கடைசியில் அத்திம்பேர் அரிவாள்மணையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சடைக்கு ஆபத்தில்லை. கயிறு இரண்டை அறுக்க வேண்டியதாயிற்று.

அக்கா அறுந்த கயிற்றை எடுத்துச் சுருட்டி வைத்தாள். சுருட்டும்போது உதடு அசைந்தது. நான் பார்த்தேன். அவளுக்கு அவிழ்ப்புப் பாட்டு முழுக்கத் தெரியும். தெரிந்தும் பாடமாட்டாள். மேலச் சிறகு.

துலாம் 10

யார் போய் லலிதாம்பாளிடம் கேட்பது? அத்திம்பேர் மாட்டார். அக்கா செத்தாலும் மாட்டாள். மிஞ்சியது யார்? எனக்குத்தான் எப்போதும் இப்படி வந்து வாய்க்கிறது.

துலாம் 12

போனேன். பேசினேன். முடித்தேன்.

சாயங்காலம் கடையிலிருந்து திரும்பும்போது நேரே லலிதாம்பாள் ஆத்து வாசலில் போய் நின்றேன். கதவைத் திறந்தாள். உள்ளே வா என்றாள். ஊஞ்சலில் உட்காரச் சொன்னாள். விழாவைப் பற்றி, குழந்தைகளைப் பற்றி, அறுந்த கயிற்றைப் பற்றி எல்லாம் எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் கண் கலங்கிவிட்டது. தலைப்பால் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"வாலா பின்னினாத்தானே நான் அவிழ்க்கணும். அவ பின்னட்டும். நான் வரேன்."

அட்சரம் பிசகாமல் இதைத்தான் சொன்னாள். காப்பி கொடுத்தாள். டிகிரி காப்பி.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். அக்கா விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தாள்.

"கண் கலங்கித்தா?"

"ஆமாம்."

"எந்தக் கண்ணு?"

"ரெண்டும்."

"ஓ" என்றாள். அவ்வளவுதான். ஆனால் ராத்திரி சாதம் போடும்போது எனக்கு ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழுந்தது.

துலாம் 15

இடி, மழை. பசுவின் ஒரு கொம்பு ஈரத்தில் கரைந்துவிட்டது. பாகீரதி புதிதாக வைத்தாள், முன்னதைவிடப் பெரிதாக.

துலாம் 18

பிள்ளை வீட்டுக்கே வந்து பெண்கள் பின்னுவதைப் பார்த்தார். சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா, நல்லாருக்கும்மா" என்று அக்காவைப் பார்த்துக் கும்பிட்டார். அக்கா உள்ளே போய்விட்டாள்.

"அவிழ்ப்பு எங்க சாமி?"

"அது மேடைக்குன்னு வெச்சிருக்கோம்."

"ஒத்திகை இல்லாமலா?"

"எங்க ஊர் வழக்கம். அவிழ்ப்புக் கோஷ்டி வேறே. முன்கூட்டிக் காட்டமாட்டா."

பிள்ளை என்னையே பார்த்தார். வக்கீல்களுக்கு இப்படி ஒரு பார்வை உண்டு. "நான் வெளிப்படையாச் சொல்லிருதேன். விழிஞ்ஞத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு பாட்டுக்கும் எடம் கேக்காங்க. நீங்க நாளைக்கு ஒரு வார்த்தை சொன்னா மாத்திக் குடுத்துருவேன். மேடையில வந்து அந்தப் பிள்ளைக நாணங்கெடக் கூடாது. அதான் எனக்கு."

மாற்ற வேண்டாம் என்றேன்.

அவர் போனபிறகு பாகீரதி கேட்டாள். தமிழில்தான் கேட்டாள். "மாமா, லலிதா மாமி நெஜமா வராளா?"

"வரேன்னு சொல்லிட்டாடி."

"நான் இன்னிக்கு அவாத்து வாசல்லே நின்னேன். என்னைப் பார்த்தா. ஒண்ணுமே கேக்கலையே."

"பெரியவா அப்படித்தான்."

எட்டுக் குழந்தைகள். புதுப் பாவாடை தைத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளையிடம் போய் வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் பாகீரதி? போகட்டும், பின்னி முடித்ததும் நான் மயக்கம் போட்டு விழுந்துவிடலாம். சனம் என்னைப் பார்க்கும், கயிற்றைப் பார்க்காது.

துலாம் 22

லலிதாம்பாளைக் கோவில் பிராகாரத்தில் பார்த்தேன். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். வெயிலுக்காக.

துலாம் 24, பௌர்ணமி

இதை எழுத உட்காரும்போது முழங்கால் இரண்டும் விண் விண் என்கிறது. இருந்தாலும் இன்றைக்கே எழுதவேண்டும்.

பள்ளிக்கூட ஹாலில் கால் வைக்க இடமில்லை. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். எங்கள் தெரு முழுதும் வந்திருந்தது. லலிதாம்பாளும் வந்திருந்தாள், பெண்கள் பக்கத்தில் மூன்றாம் வரிசையில், நார்மடிப் புடவை உடுத்திய ஒரு மாமிக்குப் பக்கத்தில். தெருவே வரும்போது அவள் மட்டும் வீட்டில் உட்கார்ந்திருப்பாளா என்ன. அக்கா மேடை ஓரத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள், தலையைக் குனிந்துகொண்டு.

விழிஞ்ஞத்துப் பிள்ளைகள் முன்னால் பாடினார்கள். நிஜ வடத்தையே கொண்டுவந்து இழுத்தார்கள். எங்கள் கடைக் கயிறுதான், பார்த்ததுமே தெரிந்தது.

அடுத்தது நாங்கள். நான் ஏணி வைத்து ஏறி விட்டத்தில் எட்டுக் கயிற்றையும் கட்டினேன். கடைசி முடிச்சைப் போட்டுவிட்டுக் காலைக் கீழே விட்டால் ஏணி இல்லை. விளக்கு மாட்டுவதற்கென்று யாரோ ஒருத்தன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பெண்கள் மேடைக்கு வந்தாயிற்று. கூப்பிட்டால் மானம் போகும். ஆகவே நான் மேலேயே இருந்து மேற்பார்வை பார்ப்பதென்று தீர்மானித்தேன். பார்த்தவர்களுக்கு இது ஏற்பாடு என்றே தோன்றியிருக்கும்.

அக்கா எடுத்தாள். ஒன்று கீழே ஒன்று மேலே. எட்டுக் கோலும் ஒரே அடியாக விழுந்தன. பாகீரதிதான் முன்னடி. என் பாதத்துக்குக் கீழேயே பின்னல் ஆரம்பித்து இறங்கியது, கோதுமை நாகம் மாதிரி தடிமனாக, மஞ்சளாக. நான் நாற்பத்திரண்டு வயது ஆள் என்பது மறந்துபோயிற்று. கீழே பன்னிரண்டு வயது வாலாம்பாள்தான் பாடுகிறாள், முடித்தவுடன் கீழே குதித்துச் சுண்டல் வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் உலகத்தில் வேலை.

பாட்டு முடிந்தது.

கயிறு குறுகி எட்டுப் பெண்களும் ஒரே கொத்தாக நடுவில் நிற்கிறார்கள், கை எல்லாம் தலைக்கு மேலே. யாரும் எடுக்கவில்லை. கைதட்டல் கொஞ்சம் வந்து நின்றது. பிள்ளை பக்கவாட்டிலிருந்து எட்டிப் பார்க்கிறார். பின்னால் யாரோ ஒருத்தன் சிரித்தான். மயக்கம் போட்டு விழலாம் என்று வைத்திருந்தேனே, விட்டத்திலிருந்து எப்படி விழுவது? செத்தே போவேன். பதினெட்டு அடி. பாகீரதி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் எழுதமாட்டேன்.

அக்கா தொண்டையைச் செருமினாள்.

அந்தச் சத்தம் எனக்கு மேலே வரைக்கும் கேட்டது. அவளே பாடப்போகிறாள், வீம்பை விட்டுவிட்டாள் என்று நினைத்தேன். அவள் பாடவில்லை. பெண்கள் பக்கமாகத் திரும்பினாள். பெரிய குரலில்கூடச் சொல்லவில்லை. அடுத்த வீட்டுக்காரியிடம் உறைமோர் கேட்பதுபோலச் சொன்னாள்.

"லலிதா, கொழந்தேளுக்குக் கை கடுக்கறது."

லலிதாம்பாள் எழுந்திருக்கவில்லை. தலையைக்கூட நிமிர்த்தவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்தாள்.

கட்டிப் போட்ட கன்றைக் கொஞ்சம் அவிழ்த்துவிடடி தாயே
எட்டிப் போன பசு வந்தாச்சு, எதிரே நில்லு நீயே
மேலே போனவள் கீழே வாடி, கீழே போனவள் மேலே

அடிக்கு அடி என்ன செய்ய வேண்டும் என்று பாட்டிலேயே இருந்தது. எதிரே நில்லு என்றதும் பெண்கள் எதிரெதிராகத் திரும்பினார்கள். மேலே போனவள் குனிந்தாள். ஒத்திகையே இல்லாமல், கேட்டுக் கேட்டு, முதல் சுற்று தட்டுத்தடுமாறி, இரண்டாவது சுற்றில் கோல் சேர்ந்து, மூன்றாவதில் ஒரு பிரி கழன்றது. அக்காவும் சேர்ந்துகொண்டாள். கீழச் சிறகுப் பாட்டை மேலச் சிறகுக்காரி பாடினாள். எனக்கு எங்கே ஒரு குரல் முடிந்து எங்கே மற்றது ஆரம்பித்தது என்று தெரியவில்லை.

எட்டுக் கயிறும் எட்டாகத் தொங்கின. ஹாலில் என்ன சத்தம் என்று நான் சொல்லமாட்டேன், மிகைப்படுத்துகிறான் என்பார்கள்.

விட்டத்தில் தூசி அதிகம். கண்ணில் விழுந்தது.

ஏணி வர ரொம்ப நேரம் ஆயிற்று.

துலாம் 25

இன்று பசுவையும் கன்றையும் கரமனையாற்றில் கரைத்தோம். பசுவை அக்கா எடுத்துக்கொண்டாள், கன்றை லலிதாம்பாள். வழி முழுவதும் சண்டை. ஆரம்பித்தது அக்கா.

"மூணாம் அடியிலே சுருதியை விட்டே நீ."

"நீ மட்டும்? நேத்திக்கு எனக்கு எடுப்பே ஒசந்து போச்சு. எல்லாம் நீ விட்ட எடத்துலேருந்து எடுத்ததாலே."

"பதினோரு வருஷம் பாடாத தொண்டை, அப்படித்தான் இருக்கும்."

"யாரு பாட வேண்டாம்னா?"

அப்புறம் லலிதாம்பாள், பாகீரதியின் பாவாடைக் கரையைப் பார்த்து, யார் தைத்தது, கோணலாக இருக்கிறதே என்றாள். எனக்குப் பயமாகப் போயிற்று. அக்கா சிரித்தாள். பாவாடை தைத்தது அக்காதான்.

என்னைப் பார்த்து லலிதாம்பாள், "என்னடா கல்யாணராமா, நேத்து பல்லி மாதிரி ஒட்டிண்டிருந்தியே" என்றாள். அதற்கு நான் தக்க பதில் வைத்திருந்தேன், படித்துறை வந்துவிட்டது.

திரும்பி வரும்போது அக்கா என்னோடு பின்தங்கி நடந்தாள்.

"லலிதா கண் கலங்கினான்னு சொன்னியே."

"ஆமாம்."

"அவளோட பொறந்ததுலேருந்து பழகறேன். அவ அப்பா போனபோதுகூட அவ அழலை. துக்கம் வந்தா அவளுக்குக் கோபம்தான் வரும், எதிர்லே நிக்கறவாளைக் கடிச்சுக் கொதறுவா. நீ ரெண்டு கண்ணும்னு சொன்னபோதே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா மேடைக்கு வந்தே?"

"பின்னே? எட்டுக் கொழந்தேளை நீ சொன்ன பொய்யிலே தொங்கவிட முடியுமா? அவ வருவா, கேட்டா பாடுவா. கேக்க ஒருத்தருக்கும் வாய் வரலை, அவ்வளவுதானே இத்தனை வருஷமும்." கொஞ்ச தூரம் போய்விட்டு, "அந்த நெய்யை நான் திருப்பிக் கேக்கலை, போ" என்றாள்.

ஆகவே இதை எழுதிவிடுகிறேன். பன்னிரண்டாம் தேதிப் பக்கத்தை அடிக்கவில்லை, அழகாக வந்திருக்கிறது. ஆனால் அன்று நடந்தது வேறு. லலிதாம்பாள் ஆத்து வாசல் வரைக்கும் போனது நிஜம். கதவு ஒருக்களித்து இருந்தது. உள்ளே அவள் எதையோ இடித்துக்கொண்டே, தனக்குத்தானே, அவிழ்ப்புப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கட்டிப் போட்ட கன்றை. நான் அங்கேயே நின்றேன். விட்டத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. நிழல் தெரிந்து அவள், "யாரது?" என்றாள்.

"கெணத்துக்குக் கயிறு ஏதாவது வேணுமான்னு கேக்க வந்தேன்" என்றேன்.

"வேண்டாம். இருக்கறது நன்னாத்தான் இருக்கு."

அவ்வளவுதான். ஊஞ்சல் இல்லை, காப்பி இல்லை.

கண் கலங்கியது மட்டும் பொய்யில்லை. ஆளைத்தான் மாற்றி எழுதிவிட்டேன்.